இணைக்காப்பு

தர்ஷினியின் வளைகாப்பில் கண்ணாடி வளையல்களுக்காக யாரும் முகம் கோணவில்லை. ரப்பர் வளையலால்தான் வந்தது வினை.

அது ஒரு ஜோடி. விரல் அகலம்கூட இல்லாத, கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு பட்டைகள். தாய்சேய் நல மையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இணைக்காப்பு என்று அதற்குப் பெயர். ஒன்று கர்ப்பிணியின் கையில் இருக்கும். மற்றது அவள் கைகாட்டும் ஒருவரின் கையில். முதல் பட்டை அவளுடைய இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். அழுத்தம் ஏற ஏற, இரண்டாவது பட்டை அதைப் போட்டிருப்பவரின் மணிக்கட்டை இறுக்கும். மணி அடிக்காது, எண் காட்டாது. சார்ஜ் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும்.

கணவன் கதிரேசன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். மாமியார் ராமலட்சுமியோ அது தன் கைக்குத்தான் வரும் என்று காலையிலேயே ஒரு தங்க வளையலைக் கழற்றி இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். தர்ஷினிக்குத் தாய் இல்லை. இவள் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அதனால் தலைப்பிரசவம் கோவில்பட்டியில், மாமியார் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. தாய்க்குத் தாயாக நான் இருக்கிறேன் என்று ராமலட்சுமி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தர்ஷினி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு கூடத்தின் மூலையில் ஸ்டூல் மேல் நின்று, சுற்றாமல் நின்றுபோன மின்விசிறியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள்.

"செண்பகம் மதினி கையில போடுங்க," என்றாள்.

செண்பகவல்லி கதிரேசனுக்கு அக்காள். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். முதல் வளையலை நாத்தனார் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த உரிமையை அன்று காலை ராமலட்சுமி யாரையும் கேட்காமல் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் கையால் போட்டால் நல்லது என்பது அவள் எண்ணம். செண்பகம் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மின்விசிறிப் பக்கம் போய்விட்டாள். அது போக, அவளுக்கும் தர்ஷினிக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும்.

"நானா?" என்றாள், ஸ்குரு டிரைவரை இறக்காமல்.

"நீங்கதான்."

பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை யாரும் தட்ட முடியாது. ராமலட்சுமி தங்க வளையலை எடுத்து மறுபடி கையில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மையத்தில் இரண்டு பட்டைகளையும் இணைத்துக் கொடுத்தவர் டாக்டர் ஜெபராணி. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத எதையும் செண்பகம் கையில் வாங்க மாட்டாள். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். வெளியே வரிசை நின்றது. ஆனால் டாக்டருக்கு இப்படிக் கேட்பவர்கள் கிடைப்பது அபூர்வம் போலிருக்கிறது; நாற்காலியை நன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

போனுக்குத் தகவல் அனுப்பினால் போதாதா, எதற்குக் கையைப் பிடித்து இறுக்க வேண்டும் என்பது செண்பகத்தின் முதல் கேள்வி.

"முதல்ல போனுக்குத்தான் அனுப்பினாங்க. நாலு நாள் எல்லாரும் பதறிப் பதறிப் பாத்தாங்க. அப்புறம் சத்தத்தை அமத்தி வச்சிட்டாங்க. கையை அமத்தி வைக்க முடியாதுல்லா?"

"அப்ப அவ கையையே இறுக்கலாமே. அவ உடம்புதானே."

"இந்த வியாதியோட குணமே அதுதாம்மா. ஏறுதது ஏறுதவளுக்குத் தெரியாது. தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கிறதுன்னு தெரிய ஆரம்பிக்கும்போது ரொம்ப தூரம் போயிருக்கும். சரி, நிமிஷத்துக்கு நிமிஷம் அவகிட்டயே சொல்லுவோம்னா, அந்தப் பயத்துலயே இன்னும் கொஞ்சம் ஏறும். அதான் பக்கத்துல இருக்கிற ஒரு உடம்புகிட்ட உதவி கேக்கோம்."

செண்பகம் பட்டையை இடது மணிக்கட்டில் மாட்டினாள். யாரோ ஒரு குழந்தை லேசாகப் பிடித்திருப்பதுபோல இருந்தது. எதிரே தர்ஷினி தன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

முதல் சில நாட்கள் செண்பகம் எல்லாவற்றுக்கும் பயந்தாள். எட்டயபுரம் சாலையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது மணிக்கட்டு சட்டென்று இறுகியது. லைன்மேனை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். தர்ஷினி மாடியில் துணி காயப்போடப் படி ஏறியிருக்கிறாள், அவ்வளவுதான். இன்னொரு நாள் அலுவலகக் கூட்டத்தில் இறுகியது. அன்று வீட்டில் பல்லி விழுந்திருந்தது. போகப் போகக் கை பழகியது. படி ஏறினால் வரும் இறுக்கம் சட்டென வந்து சட்டெனப் போய்விடும். அழுதால் மெல்ல வந்து விட்டு விட்டு இறுக்கும். கதிரேசன் மாலையில் வாங்கி வரும் காராசேவையும் மிக்சரையும் தர்ஷினி ஒளித்துத் தின்னும்போதுகூடத் துளி இறுக்கம் இருந்தது. மாட்டிக்கொள்ளும் பயமாக இருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் அவளுக்கு வேறொன்று தெரிந்தது.

அலுவலகம் விட்டு வந்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டைக் காலால் தள்ளினாள். அந்தச் சத்தம் எழுந்ததும் மணிக்கட்டு இறுகியது. உள்ளே போய்ப் பார்த்தால் தர்ஷினி சும்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். படி ஏறவில்லை, அழவில்லை. மறுநாளும் அப்படியே. செண்பகம் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. ஒரு நாள் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். வாசல் வரை இறுக்கம் இல்லை. "அம்மா" என்று குரல் கொடுத்தாள். இறுகியது. இன்னொரு நாள் கதிரேசனை விட்டு அதே ஸ்கூட்டரை ஓட்டிவரச் செய்து, தான் பின்வாசல் பக்கம் நின்றுகொண்டாள். ஸ்டாண்ட் சத்தத்துக்கு இறுகியது. கதிரேசன் குரல் கேட்டதும் விட்டுவிட்டது.

அதற்கு மேல் சோதனை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அலுவலகத்தில் நேரம் கடத்திவிட்டு வந்தாள். சமையலறைக்குள் போவதை நிறுத்தினாள். தான் ஒரு மனுஷியின் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருப்பதைத் தன் கையாலேயே உணர்வது விநோதமான அவமானமாக இருந்தது. பிடிக்காதவர்கள் முகத்துக்கு நேரே திட்டினால் திருப்பித் திட்டலாம். இது வாய் திறக்காமல், அவளுக்கே தெரியாமல், உடம்பு சொல்கிற சாட்சி.

ஊரிலும் இதே கதை பலவிதமாக ஓடிக்கொண்டிருந்தது. பங்களாத் தெருவில் ஒரு மாமியார், மருமகள் உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தால் "என் கைக்கு ஒண்ணும் தெரியலையே" என்று எழுப்பிவிட்டாளாம். ஒருவன் மனைவியிடம் பழைய சிநேகிதன் பெயரைச் சொல்லிச் சொல்லி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்தப் பெண் பட்டையைக் கழற்றிக் கழிவறையில் போட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். உயிரைக் காக்க வந்த கருவி மனசை வேவு பார்க்கவும் உதவும் என்று செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அல்லது நினைத்துவிட்டு, உயிர் முக்கியம் என்று விட்டிருக்கலாம்.

வீட்டிலும் கேட்டார்கள். "இப்ப என்ன சொல்லுது?" என்பது ராமலட்சுமியின் ஓயாத விசாரணை. தம்பி தனியாக அழைத்து, நேற்றுத் தான் பேசியதற்குத் தர்ஷினி உண்மையிலேயே கோபப்பட்டாளா, சும்மா முறைத்தாளா என்று கேட்டான்.

"ஏலே, நான் என்ன உன் பொண்டாட்டிக்கு மீட்டரா? ரீடிங் எடுத்து உன்கிட்ட குடுக்கதுக்கு? கோபமான்னு அவகிட்ட கேளு," என்று செண்பகம் அனுப்பிவிட்டாள்.

அடுத்த அறையில் தர்ஷினி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் செண்பகத்தின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மதினி. நீங்க வந்தா ஏறுதுல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். செண்பகத்துக்கு அது வரவில்லை. "ஆமா. ஏறுது," என்றாள்.

தர்ஷினி தலையை ஆட்டினாள். "நான் ஒரு சாமானை ஒரு இடத்துல வப்பேன். நீங்க வந்து அதை இன்னும் நல்ல இடத்துல வப்பீங்க. உப்பு ஜாடி, சீப்பு, காயப்போட்ட துணி... நீங்க வைக்கிற இடம் சரியாத்தான் இருக்கும். அதான் எரிச்சலா வரும். கல்யாணம் ஆனதுலருந்து இந்த வீட்டுல நான் வச்ச இடத்துல ஒரு சாமானும் இருந்ததில்ல."

செண்பகத்தின் கையில் இறுக்கம் கூடிக்கொண்டே வந்து, தர்ஷினி சொல்லி முடித்ததும் நன்றாகத் தளர்ந்தது. அந்த வீட்டில் அதுவரை அவ்வளவு தளர்ந்ததே இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், பட்டையை வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொன்னாள். தர்ஷினி சொன்னதையெல்லாம் சொல்லி, என்னாலேயே அவளுக்கு வியாதி வந்துவிடும் என்றாள். ஜெபராணி சிரித்தே விட்டார்.

"நாத்தனாரால பிரஷர் வியாதி வரும்னா இந்த நாட்டுல ஒருத்தியும் பிள்ளை பெத்திருக்க முடியாது. கடலைப் பாத்திருக்கீங்கள்ல? அலை வேற, கடல் மட்டம் ஏறுதது வேற. நீங்க ஸ்கூட்டரை நிறுத்துனா வர்றது அலை. வரும், போகும். நாங்க பயப்படுறது மட்டம் ஏறுததுக்கு. அது நஞ்சுக்கொடியில ஆரம்பிக்கும். கரு பதிஞ்ச புதுசுலயே, நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் நல்லா அகலமாகணும். சில பேருக்கு ஆகாது. குறுகலாவே நின்னுரும். அப்ப நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தாது. அது ரத்தத்துல சில சரக்கைக் கலந்துவிடும். அது அம்மாவோட குழாய்களை எல்லாம் கெடுத்து இறுக்கிரும். ஏன் சில பேருக்கு மட்டும் அப்படி ஆகுதுன்னு இன்னமும் முழுசாத் தெரியாது. ஆனா கோபத்தால இல்ல, உப்பால இல்ல, அவ மாடிப்படி ஏறினதால இல்ல. யார் குத்தமும் இல்ல."

"சப்ளை லைன் சின்னதுன்னா டிரான்ஸ்ஃபார்மர் சூடாகுத மாதிரி."

"எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் தெரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அதான் தர்ஷினிக்கு எரிச்சலா வருதுபோல," என்றார் டாக்டர்.

மட்டம் ஏறத்தான் செய்தது. ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், படியும் இல்லாமல் பல்லியும் இல்லாமல், காலையில் எழுந்ததிலிருந்தே மணிக்கட்டு ஒரே சீராக இறுகியிருந்தது. செண்பகம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் நின்று பார்த்தாள். விடவில்லை. அப்படியே திரும்பி வந்து தர்ஷினியை மையத்துக்கு அழைத்துப் போனாள். மாத்திரை, ஊசி, படுக்கை என்று சில நாள் தள்ளிப் பார்த்துவிட்டு, இனி காத்திருப்பது நல்லதல்ல என்று டாக்டர் வலி வரவழைத்தார். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, குரல் குறைவில்லை.

பிரசவ அறையிலேயே ஆயா கண்ணாடி வளையல்களைக் கழற்றி எடுத்துக்கொண்டார். குழந்தை பிறந்ததும் வளைகாப்பு வளையல் பிரசவம் பார்த்தவருக்குப் போய்விடுவது அங்கு எல்லாருக்கும் பழக்கம். கத்தரிப்பூப் பட்டைகளை மட்டும், மையத்து ஆள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார், அதுவரை தொலைத்துவிட வேண்டாம் என்று சொல்லி விட்டுவைத்தார்கள். குழந்தை பிறந்தாயிற்று, இன்னும் எதற்கு அந்தக் கருமம் என்று ராமலட்சுமி முணுமுணுத்தாள். தொலைக்காமல் இருக்கச் சுலபமான வழி கையிலேயே போட்டிருப்பதுதான் என்று செண்பகம் சொன்னாள். தர்ஷினியும் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். செண்பகத்தின் கை விடுதலையானதுபோல இருந்தது. நாள் முழுக்க ஓர் இறுக்கமும் இல்லை. ஸ்டாண்ட் சத்தத்துக்கும் இல்லை. குழந்தை வந்த மகிழ்ச்சியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வீடு முழுக்கப் பெருங்காயமும் பூண்டும் மணத்தன. ராமலட்சுமி மருமகளின் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, பத்தியச் சாப்பாட்டைத் தானே ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். நஞ்சுக்கொடியில் ஆரம்பித்தது நஞ்சுக்கொடியோடு போயிற்று. எல்லாருக்கும் அதுதான் கணக்கு.

அந்த வாரக் கடைசியில் செண்பகத்துக்கு விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே தர்ஷினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் மடிவரை வந்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை.

மணிக்கட்டு இறுகியது.

செண்பகம் பேப்பரை இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடந்திருக்கவில்லை. தர்ஷினி துணி மடித்துக்கொண்டுதான் இருந்தாள். இறுக்கம் போகவில்லை. அலை இல்லை இது. மெதுவாக, ஒரே சீராக, யாரோ திருகுவதுபோல ஏறியது.

"தர்ஷினி, தலை வலிக்கா?"

"லேசா. தூக்கம் இல்லல்லா மதினி. பாப்பா எங்க தூங்க விடுதா?"

வாசலுக்கு வந்து, தெருமுனை வரை நடந்து போய் நின்றாள் செண்பகம். விடவில்லை. அப்படியென்றால் இதற்குக் காரணம் அவள் இல்லை. கதிரேசன் மையத்துக்குப் போன் செய்தான். பிரசவம் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது, கோப்பை மூடியாயிற்று, தலைவலிக்குச் சாதாரண மாத்திரை போடுங்கள் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஆட்டோவைக் கூப்பிடு என்றாள் செண்பகம். ராமலட்சுமி வாசல்படியில் நின்று மறித்தாள். பச்சை உடம்பு, தீட்டுக்கூடக் கழியவில்லை, இந்த வெயிலில் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போய் என்னத்துக்கு ஆகும்? பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தலை வலிக்கத்தான் செய்யும். பெற்றிருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு அவளுக்கே முகம் சுண்டிவிட்டது. கதிரேசன் தரையைப் பார்த்தான். செண்பகம் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குள் ஒரு சின்னச் சந்தேகமும் இருந்தது. ஒருவேளை பட்டை பழுதாகியிருந்தால்? நான் வைக்கிற இடம்தான் சரி என்று மறுபடி ஒருமுறை இந்த வீட்டைக் கலைக்கிறேனோ?

தர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அத்தை, பாப்பாவுக்குத் துணி எடுத்து வைங்க. மதினி சொன்னாப் போயிட்டு வந்திரலாம்."

மையத்தில் ஜெபராணி தன் மேசை இழுப்பறையிலிருந்து பழைய மாதிரி அளவுகருவியை எடுத்தார். துணிப்பட்டையைக் கையில் சுற்றி, ரப்பர்க் குமிழை அமுக்கிக் காற்றடிக்கிற கருவி. ஒரு கையில் அளந்தார். மறு கையில் அளந்தார். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்து, உட்கார்ந்திருந்த தர்ஷினியைத் தானே தாங்கிப் படுக்கவைத்தார். கண்ணில் ஏதாவது மினுங்குகிறதா என்று கேட்டார்.

"மத்தியானத்துலருந்து வெள்ளை வெள்ளையா," என்றாள் தர்ஷினி. "வெயில்னு நினைச்சேன்."

இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். வலிப்பு வராமலிருக்க மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து தனியாக. வெளியே பெஞ்சில் ராமலட்சுமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மகளின் கையை, பட்டை போட்டிருந்த கையை, பிடித்துக்கொண்டாள். செண்பகம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்துட்டா முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைக்காங்க. பெரும்பாலும் அப்படித்தான். ஆனா உடம்பு அதைச் சட்டுனு விட்றாது. கர்ப்பத்துல அங்கங்க தேங்கி நின்ன நீர் எல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் ரத்தத்துக்குத் திரும்பும். அந்த முதல் வாரத்துலதான் பல பேருக்கு ஏறும். ஒண்ணரை மாசம் வரைக்கும் கவனமா இருக்கணும். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா..." அவர் முடிக்கவில்லை. "அந்தப் பட்டையைச் செஞ்சவங்களைக் கும்பிடணும்."

செய்தவர்களில் ஒருவரே சில நாளில் வந்தார். முகைதீன் என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார், மெலிந்த, தூக்கம் கெட்ட முகம். தர்ஷினி தேறி, வார்டு ஜன்னலோரம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகைதீன் செண்பகத்தின் பட்டையை வாங்கித் தன் கருவியோடு சேர்த்தார். திரையைப் பார்த்தார். கழற்றி மறுபடி சேர்த்தார்.

"மேடம், நீங்க போட்டிருந்தது இதேதானா?"

"குளிக்கும்போதுகூடக் கழட்டினதில்ல."

"இது இறுக்கியிருக்க முடியாது." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மலையும் பள்ளமுமாக ஓடிய கோடு ஓரிடத்தில் நேராகி, அப்படியே நேராகவே போனது. "பிரசவம் பதிவானதும் ரெண்டு பட்டையும் தானா நின்னுரும். பச்சைப் புள்ளி சார்ஜுக்கு மட்டும்தான். நாங்கதான் அப்படி வச்சோம்."

"ஏன்?"

முகைதீன் கொஞ்சம் தயங்கினார். "வளைகாப்பை வச்சுத்தான் மேடம் இதை யோசிச்சோம். பேரு, நிறம், போட்டுவிடுற முறை எல்லாம். பிள்ளை பிறந்தா வளையலைக் கழட்டிருவாங்கல்ல. அதனால அங்கேயே நிறுத்திட்டோம். அதுக்கு அப்புறம் அளக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. எங்க குழுவுல ரெண்டு டாக்டர் இருக்காங்க. அவங்களுக்கும் தோணல."

செண்பகம் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையமாக இருந்தது.

"அப்ப எனக்கு இறுகினது?"

"இறுகுறதுக்கு முன்னால நீங்க என்ன பாத்தீங்க?"

ஒன்றும் பார்க்கவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவர் விடவில்லை, நிதானமாக, திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கக் கேட்க அந்த மதியம் துண்டு துண்டாக வந்தது. மடித்த துணியைத் தர்ஷினி மறுபடி பிரித்து மடித்தாள். எப்போதும் வலது பக்கம் அடுக்குகிறவள், தடவிப் பார்த்து இடது பக்கம் வைத்தாள். வெயில் பட்ட கண்ணைச் சுருக்கவில்லை, மூடினாள். மூச்சை ஒருமுறை நிறுத்திப் பிறகு விட்டாள்.

"இதெல்லாம் பட்டை இறுக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால நீங்க பாத்துப் பாத்துப் பழகினது," என்றார் முகைதீன். "உங்க மூளை ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டு வச்சிருக்கு. பட்டை நின்னதுக்கு அப்புறம், அடையாளத்தைப் பாத்ததும் மூளையே கையை இறுக்கியிருக்கு. கால் போனவங்களுக்கு இல்லாத கால்ல அரிக்கும்பாங்கல்ல, அந்த மாதிரி. நாங்க ஒரு கருவி செஞ்சோம்னு நினைச்சோம். அது உங்களைத்தான் கருவியாக்கியிருக்கு."

அவர் குரலில் வியப்பும் கொஞ்சம் பயமும் இருந்தன. அடுத்து வரும் பட்டைகள் ஒன்றரை மாதம் வரை வேலை செய்யும் என்று உறுதி சொன்னார். ஏற்கெனவே பிரசவமாகி வீட்டில் இருப்பவர்களை என்ன செய்வீர்கள் என்று செண்பகம் கேட்டாள். அவர் திரையை மூடினார். அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு அளக்கச் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார். பட்டை ஜோடியை ஒரு உறையில் போட்டு எடுத்துப் போனார்.

அவர் போன பிறகு செண்பகம் படுக்கையோரம் உட்கார்ந்தாள். அத்தனை நாளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "அன்னைக்கு ஏன் என்னைச் சொன்ன?"

தர்ஷினி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "அவரு பயந்துபோய் ரெண்டாம் நாளே கழட்டியிருப்பாரு. அத்தை அழுவாங்க. ரெண்டு பேரும் எனக்காக, ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு என்னைப் பிடிக்காது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"பிடிக்காதுன்னு யார் சொன்னா?"

"ஏன், உங்க கையில மட்டும்தான் தெரியணுமா? எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்த பிறகும் செய்ய டாக்டர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒன்றரை மாதம் முடியும்வரை காலையும் மாலையும் சாதாரணக் கருவியால் அளந்து சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை யாரும் செண்பகத்திடம் கொடுக்கவில்லை. அது தானாக அவள் பக்கம் வந்து நின்றது. முதல் நாள் சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்டாண்டைத் தள்ளக் காலை எடுத்தவள் ஒரு நொடி நின்றாள். பிறகு தள்ளினாள். மணிக்கட்டைக் கவனித்தாள். அது ஏதோ சொல்லியது. தர்ஷினி சொல்வதா, தான் சொல்வதா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

சமையலறையில் கை கழுவும்போது பார்த்தாள். உப்பு ஜாடி அடுப்புக்கு வெகு அருகில், நீராவி படுகிற இடத்தில் இருந்தது. உப்பு கட்டி தட்டிவிடும். கை அதை நோக்கிப் போய்விட்டது. ஜாடியைத் தொடாமல், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தர்ஷினியின் மேல்கையில் துணிப்பட்டையைச் சுற்றி, குமிழை அமுக்கினாள். காற்று ஏற ஏறப் பட்டை இறுகியது. தர்ஷினி முகத்தைச் சுளித்தாள்.

"இவ்வளவு இறுக்குமா மதினி?"

"தெரியுதா இப்ப?" என்றாள் செண்பகம். "ரெண்டு மாசம் எனக்கு இப்படித்தான்."

தர்ஷினி மறு கையை நீட்டி, நாத்தனாரின் மணிக்கட்டில் வெளுத்திருந்த வளையத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். லேசாகத்தான். காற்று இறங்கி முடியும்வரை விடவில்லை.